சூடு வைத்தது யார்?

“இது சிகரெட் சூடு. சத்தியமா சிகரெட் சூடுதான்!”

ஈரத்துணியால் சுகிர்தாவுக்கு உடம்பு துடைத்துக்கொண்டிருந்த நர்ஸ் போட்ட சத்தத்தில் குழந்தைகள் வார்டே திரும்பிப் பார்த்தது. ஆறு வயசுக் குழந்தையின் அக்குளில், சட்டைப் பட்டன் அளவுக்கு வட்டமாக, கன்னங்கரேலென்று ஒரு பொருக்கு.

ஒரு வாரமாக விடாத ஜுரம். டெங்கு இல்லை, மலேரியா இல்லை, டைபாய்டும் இல்லை என்று ரிசல்ட் வந்துவிட்டது. ஆனால் குழந்தைக்கு மூச்சு இரைத்தது. கூப்பிட்டால் கண்ணைத் திறக்கக்கூட முடியவில்லை.

“உச்சந்தலையிலேருந்து உள்ளங்கால் வரைக்கும் ஒரு இடம் விடாம பாருங்க. காரணம் தெரியாம நான் விடப்போறதில்லை” என்று டாக்டர் ஈஸ்வரி காலையில்தான் சொல்லிவிட்டுப் போயிருந்தார்.

பார்த்ததில் கிடைத்தது இது.

“யாரும்மா செஞ்சது? ஊருக்குக் கொண்டுபோய் சூடு கீடு வெச்சியா? இல்ல, உன் வீட்டுக்காரரா?” குழந்தையின் அம்மா விக்டோரியாவைப் பிடித்து உலுக்கினார் நர்ஸ். “சொல்லலைன்னா ரெண்டு பேரையும் போலீஸ்ல பிடிச்சுக் குடுத்துடுவேன்.”

விக்டோரியா குழந்தையின் கையைத் தூக்கி அந்தப் பொருக்கைக் குனிந்து பார்த்தாள்.

பின்னால் நின்றிருந்த அவள் புருஷன் சின்னதுரை முன்னால் வந்தான்.

“அத உட்ருங்க சிஸ்டர். நான்தான்.”

“இன்னாது?” என்றாள் விக்டோரியா.

“நான்தான் சுட்டேன். தண்ணி போட்டுகினு இருந்தேன்.”

பளாரென்று விழுந்தது அறை.

“பாவி! எத்தினி பேரு சொன்னாங்கோ, ரெண்டாவது கட்டிக்காதடி, கொழந்தைய வாழ உடமாட்டான்னு!”

அவ்வளவுதான். வார்டில் கோர்ட் கூடிவிட்டது. பக்கத்துக் கட்டிலில் மகனுக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்த அஞ்சம்மாள், கிண்ணத்தைக் கீழே வைத்துவிட்டு ஜட்ஜ் ஆனாள்.

“கும்மிடிப்பூண்டில இரும்பு உருக்குற கம்பெனில வேலையாமே? கையப் பாரு, பூரா தீக்காயம். அவனுக்கு சூடுன்னா இன்னான்னு தெரியாதா? பெத்த பொண்ணா இருந்தா மனசு வருமா? கொழந்த அவன மாமான்னுதான கூப்புடுது!”

சின்னதுரை எதையும் காதில் வாங்காமல் குழந்தையின் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். சரியான கல்லுளிமங்கன் என்றார்கள்.

டாக்டர் ஈஸ்வரி ஓட்டமும் நடையுமாக வந்தார்.

“ஆளே ஒத்துக்கிட்டான் மேடம். போலீசுக்கு போன் பண்ணிடவா?”

“இருங்க சிஸ்டர்.”

டார்ச் அடித்துப் பார்த்தார். பொருக்கைச் சுற்றி விரலால் அழுத்தினார். அந்த மயக்கத்திலும் ஊசிக்குக் கையை இழுத்துக்கொண்ட குழந்தை, இதற்குச் சிணுங்கவே இல்லை.

“எப்ப சுட்டீங்க?”

“முந்தாநேத்து.”

“இந்தப் பொருக்கு அதைவிடப் பழசு. என்ன சிகரெட் பிடிப்பீங்க?”

சின்னதுரை திருதிருவென்று முழித்தான்.

“ஏதோ ஒண்ணு மேடம். அதான் நான்தான் சுட்டேன்னு சொல்றேன் இல்ல? போலீசக் கூப்புடுங்க. கொழந்தைக்கு மட்டும் சீக்கிரமா வைத்தியம் பாருங்க.”

தப்பு செய்தவன் இல்லை இல்லை என்று அடம்பிடிப்பான். இவன் ஆமாம் ஆமாம் என்று அடம்பிடித்தான். டாக்டரின் அடம் அதைவிடப் பெரிது. விக்டோரியா பக்கம் திரும்பினார்.

“வீட்டுக்குப் பக்கத்துல புதர் இருக்கா?”

“லைன் ஊட்டுக்குப் பின்னால கீது மேடம். கக்கூஸ்ல கூட்டமா இருந்தா பசங்க அங்கதான் போவும்.”

“போதும். இது சூடே இல்லை. புதர்ல இருக்கிற ஒரு பொடிப்பூச்சி கடிச்ச இடம். வலிக்காது. அதனால குழந்தையும் சொல்லியிருக்க மாட்டா. இது உண்ணிக் காய்ச்சல்! சிஸ்டர், ரத்தம் எடுத்து டெஸ்டுக்கு அனுப்புங்க. ரிசல்ட்டுக்குக் காத்திருக்க வேண்டாம், மருந்தை இப்பவே ஆரம்பிங்க.”

கோர்ட் சத்தமில்லாமல் கலைந்தது. அஞ்சம்மாளுக்குக் கஞ்சி ஞாபகம் வந்துவிட்டது.

மறுநாள் ஜுரம் இறங்கத் தொடங்கியது. அதற்கடுத்த நாள் மூச்சிரைப்பும் அடங்கியது. ரத்தப் பரிசோதனையும் டாக்டர் சொன்னதையே சொன்னது. விக்டோரியா ஸ்தோத்திரம் சொல்லிச் சொல்லி அழுதாள்.

டாக்டர் சின்னதுரையை மட்டும் வராந்தாவுக்குக் கூப்பிட்டார். அவருக்கு இன்னும் கோபம் தீரவில்லை.

“உன் பொய்யை நம்பி, தீக்காயம்னு களிம்பு தடவிட்டு விட்டிருந்தா குழந்தை இன்னிக்கு உயிரோட இருந்திருக்காது. தெரியுமா? எதுக்குப்பா அப்படிச் சொன்னே?”

அவன் தலையைக் குனிந்துகொண்டான்.

“ஜுரம் வந்ததும் விக்டோரியா கொழந்தைய ஊத்துக்கோட்ட பக்கம் அதோட அம்மா ஊட்டுக்கு இட்டுகினு போச்சு மேடம். அங்கல்லாம் ஜன்னிக்கு சூடு வெப்பாங்கோ. பயத்துல அதுதான் வெச்சுட்ச்சு போலன்னு நெனச்சுட்டேன்.”

“சரி, அப்படியே இருக்கட்டும். செஞ்சவங்கதானே ஜெயிலுக்குப் போகணும்? நீ எதுக்குப் போகணும்?”

“கொழந்த கண்ணு முழிச்சா அம்மாவத்தான் தேடும் மேடம். என்னத் தேடாது.”