ரோண்டா சொன்ன பொய்

"இது பதினெட்டு அவுன்ஸ்தான், டெல்மர். சட்டைக்குள்ள வெச்சா இருக்கிறதே தெரியாது. ஆனா சின்னதா இருக்கிறதால சுடும்போது கையை எட்டி உதைக்கும். ஆறு தோட்டாதான் பிடிக்கும்."

ரோண்டா அந்தக் கைத்துப்பாக்கியைக் கண்ணாடி மேசைமேல் வைத்துவிட்டு அடுத்ததை எடுத்தாள்.

"இது கொஞ்சம் தடிமன். பத்து தோட்டா. உதை கம்மி. ஆனா டிராக்டர்ல உட்கார்ந்தா இடுப்புல குத்தும். நீங்க எங்க வெச்சுக்குவீங்க? பக்கவாட்டுலயா, முன்னாலயா?"

"எங்கயாவது."

"உறை தோல்ல வேணுமா, பிளாஸ்டிக்ல வேணுமா?"

"உறையெல்லாம் வேண்டாம்."

"தினம் கூடவே வெச்சுக்கிறதுன்னா உறை இல்லாம முடியாதே. சரி, ரெண்டையும் பிடிச்சுப் பாருங்க. எது கைக்குத் தோதா இருக்கு?"

டெல்மர் எதையும் தொடவில்லை. "எதுவானாலும் சரிம்மா. இன்னைக்கே கிடைக்கிறதைக் கொடு."

பின்னால் நின்ற எனக்கு எரிச்சலாக வந்தது. மான் வேட்டைக்கு இரண்டு பெட்டி தோட்டா வாங்க வந்தவன் நான். அரை மணி நேரமாகக் கால் மாற்றி நிற்கிறேன். அந்த மனுஷன் ஒற்றை வார்த்தையில் பதில் சொல்கிறார், இவள் விடாமல் பேச்சுக் கொடுத்துக்கொண்டே இருக்கிறாள்.

கான்ஸாஸில் எங்கள் ஊர்ப் பக்கம் டெல்மரைத் தெரியாதவர் கிடையாது. எண்ணூறு ஏக்கர் கோதுமை. மனைவி லோயிஸ் இறந்து ஏழு வாரம் ஆகியிருந்தது. ரோண்டா விவாகரத்தானவள், நாற்பது தாண்டியவள், கார்லண்டின் துப்பாக்கிக் கடையில் வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்.

ரோண்டா அவர் முகத்தையே கொஞ்ச நேரம் பார்த்தாள். இரண்டு துப்பாக்கியையும் உள்ளே வைத்துப் பூட்டினாள்.

"கம்ப்யூட்டர் மக்கர் பண்ணுது, டெல்மர். அதுல அரசாங்க அனுமதி வராம துப்பாக்கி விக்கக் கூடாது. வாங்க, எதிர்க்கடையில ஒரு காபி குடிப்போம்."

"அப்ப நான்?" என்றேன்.

"பின்னாடி கிடங்குல கார்லண்ட் இருக்கார். ஒரு குரல் கொடுங்க, வேட்."

அவ்வளவுதான். கோட்டை மாட்டிக்கொண்டு, அவர் கையைக் கோத்துக்கொண்டு போய்விட்டாள்.

கார்லண்ட் வந்தான்.

"கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சாமே?" என்றேன்.

"யார் சொன்னா? இதோ ஓடுதே."

ஜன்னல் வழியே எதிர்க்கடை தெரிந்தது. ரோண்டா டெல்மரின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டிருந்தாள்.

நான் வாயை மூடிக்கொண்டு தோட்டாவை வாங்கிப் போயிருக்கலாம்.

"உன் கடையில நல்ல வியாபாரம்தான்யா நடக்குது," என்றேன். "நீ சம்பளம் கொடுக்கிறே, அவ மாப்பிள்ளை பார்க்கிறா. லோயிஸ் போய் ரெண்டு மாசம்கூட ஆகல."

கார்லண்டிடம் மட்டும் சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை சர்ச் வாசலிலும் சொன்னேன். எல்லோரும் சிரித்தார்கள்.

அந்த வாரமே அவள் வேலை போய்விட்டது. கார்லண்டே என்னிடம் சொன்னான்.

"கம்ப்யூட்டர் கெட்டுச்சான்னு கேட்டேன். இல்ல, பொய்தான் சொன்னேன்னு ஒத்துக்கிட்டா. ஏன்னு கேட்டேன். அதைச் சொல்ல முடியாதுன்னுட்டா. நான் என்ன பண்றது?"

"சொன்னேன்ல?" என்றேன் நான்.

அவள் வீட்டைக் காலி செய்துகொண்டு நெப்ராஸ்காவில் தங்கை இருக்கும் ஊருக்குப் போய்விட்டதாகக் கேள்விப்பட்டேன்.

டெல்மர் குளிர்காலம் முழுக்க விச்சிட்டாவில் மகள் வீட்டில் இருந்தார். ஏப்ரலில்தான் திரும்பினார். சர்ச்சில் வெள்ளிக்கிழமை மீன் விருந்து. தட்டை எடுத்துக்கொண்டு என் எதிரில் வந்து உட்கார்ந்தார். கன்னத்தில் கொஞ்சம் சதை போட்டிருந்தது.

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை.

"என்ன டெல்மர், காபிக்குக் கூட்டாளி இல்லாம ஊரே வெறிச்சுன்னு இருக்குமே?"

அவர் சிரிக்கவில்லை. முள்கரண்டியைக் கீழே வைத்தார்.

"வேட், அன்னைக்கு நீ எனக்குப் பின்னாடிதானே நின்னே? அந்தத் துப்பாக்கி எதுக்குன்னு நினைச்சே?"

"தற்காப்புக்குத்தான். வேற எதுக்கு?"

"எனக்கே எனக்குத்தான்பா வாங்க வந்தேன். கைக்குக் கிடைச்சிருந்தா அன்னைக்கு வீட்டுக்குப் போயிருக்க மாட்டேன்."

தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"எத்தனை விவரம் கேட்டா பாரு. எதுக்கும் எங்கிட்ட பதில் இல்ல. அவ புரிஞ்சுக்கிட்டா. காபிக் கடையில உட்கார வெச்சு, 'சாகணும்னு நினைக்கிறீங்களா?'ன்னு நேராவே கேட்டுட்டா. லோயிஸ் போனதுல இருந்து சாப்பாடு கொண்டுவந்து கொடுத்தவங்க எத்தனையோ பேர். இதை ஒருத்தரும் கேட்கல. அப்படியே அழுதுட்டேன். எம் பொண்ணுக்கு போன் போட்டா. அவ வந்து சேர ஒன்றரை மணி நேரம் ஆச்சு. அதுவரைக்கும் ரோண்டா எங் கையை விடல."

"இதை அவ யார்கிட்டயும் சொல்லலியே?"

"நான்தான் சத்தியம் வாங்கிக்கிட்டேன். ஊருக்குத் தெரிஞ்சா தலைகாட்ட முடியாதுன்னு கெஞ்சினேன். உங்கிட்டதான் முதல்ல சொல்றேன்."

பக்கத்து மேசையில் யாரோ எலுமிச்சைத் துண்டு கேட்டார்கள். நான் எடுத்துக் கொடுத்தேன்.

"நேத்து நன்றி சொல்லலாம்னு கடைக்குப் போனா, வேலையை விட்டே அனுப்பிட்டாங்களாம். எவனோ போட்டுக் கொடுத்திருக்கான். பேரைக் கேட்டா கார்லண்ட் சொல்ல மாட்டேங்கிறான்." மேசையில் சாய்ந்து குரலைத் தாழ்த்தினார். "நீ அன்னைக்கு அங்கதானே இருந்தே வேட், அது யாருன்னு உனக்குத் தெரியுமா?"

தெரியாது என்று தலையாட்டினேன்.