கழுவிய ஜாடி

பழம்பொருள் கடைக்காரர் மேசை விளக்கைச் சாய்த்து அந்தப் பழைய பீங்கான் ஜாடிக்குள் எட்டிப் பார்க்கிறார். பழுப்பு மெருகில் வெளிச்சம் வழுக்கி ஓடுகிறது. "வாய் அகலம், ஊறுகாய்க்குன்னு சொல்லலாம். ஆனா அடியில குழாய் மாட்ட ஓட்டை இருக்கே! எண்ணெயா, மையா? கறை இருந்தா சொல்லிடுவேன்." முகர்ந்து பார்த்து முகம் சுளிக்கிறார். கொண்டுவந்தவள் தலை குனிகிறாள். "செத்துப்போன எங்கம்மாவோடதுங்க. அழுக்கா இருக்கேன்னு நேத்துதாங்க தேய்ச்சுக் கழுவினேன்." "கெடுத்தீங்க போங்க! உங்கம்மா இதுல என்னதான் வெச்சிருந்தாங்க?" "தெரியலைங்க. கதவைச் சாத்திக்கிட்டுத்தான் திறப்பாங்க. எங்களைத் தொடவே விடமாட்டாங்க." அவர் விரலால் சுண்டுகிறார், ஜாடி மணிபோல் ஒலித்து அடங்குகிறது. அவள் முழங்கைவரை கையை உள்ளே விட்டுத் துழாவுகிறாள். எங்கும் வழுவழுப்பு. கையை எடுத்து மெல்ல முகர்ந்து பார்க்கிறாள். அவள் வீட்டுச் சோப்புதான் மணக்கிறது.