மாதத்தின் முதல் ஞாயிறு

சண்முகவடிவு கதவை முழுதாகத் திறக்கவில்லை. இரண்டு கைகளாலும் நிலையைப் பிடித்து வழிமறித்து நின்றாள்.

வாசலில் சுயம்புலிங்கம். இரண்டு வருடங்களுக்கு முன் அவளை விவாகரத்து செய்தவன். மாதத்தின் முதல் ஞாயிறு மகளை அழைத்துப் போகலாம் என்பது கோர்ட் உத்தரவு. அதற்காகத்தான் தி.நகரிலிருந்து மந்தைவெளிக்கு வந்திருந்தான்.

அவன் தோளைத் தாண்டி, தெருவில் நின்ற லாம்ப்ரெட்டா ஸ்கூட்டரைப் பார்த்தாள்.

"தனியாவா வந்தீங்க?"

புது மனைவியைத்தான் குத்துகிறாள் என்று அவனுக்குச் சுருக்கென்றது.

"ஏன், அவளையும் கூட்டிட்டு வந்தா ஆரத்தி எடுப்பியோ? ஜெயாவை வரச் சொல்லு."

"அவ வர மாட்டா. ஒங்க மொகத்துல முழிக்கவே பிடிக்கலங்கா."

"அத அவ சொல்லட்டும். ஏ ஜெயபாரதி!"

மாடிப் போர்ஷன்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். உள்ளிருந்து சத்தமே இல்லை.

"கேட்டீங்களா? அப்பன் கூப்பிட்டும் ஒரு 'ம்' இல்ல."

"எல்லாம் நீ ஓதி வச்சது! போன மாசம் அரை நாள் எங்கூட பீச்சுல இருந்தா. வாயே தொறக்கல. வாங்கிக் கொடுத்த சுண்டலை அப்படியே மணல்ல வச்சுட்டா."

"இங்க மட்டும் பேசுதாளாக்கும்? ஒங்ககிட்ட போயிட்டு வந்தா ரெண்டு நாளைக்குச் சோறு எறங்காது. எஸ்.எஸ்.எல்.சி. எழுத வேண்டிய புள்ளை, எல்லாத்துலயும் பெயில். என்னைப் பத்தி என்னத்தச் சொல்லி அனுப்புதீங்க?"

"உள்ளதைச் சொன்னேன். அம்மா எப்படிப்பட்டவன்னு அவளுக்கும் தெரியணும்லா?"

"நானும் உள்ளதைத்தான் சொன்னேன். அவ அப்பன் யாருன்னு!"

சுயம்புலிங்கம் கையை ஓங்கினான். மாடியைப் பார்த்துவிட்டுத் தாழ்த்தினான். மகளுக்கு வாங்கி வந்த தாவணிப் பொட்டலத்தை அவள் காலடியில் வீசினான்.

"நாளைக்கே வக்கீலைப் பாக்கேன். புள்ளைய ஒங்கிட்டேர்ந்து பிரிக்கேனா இல்லையா பாரு."

"போங்க, போய்ப் பாருங்க!"

ஸ்கூட்டர் தெருமுனை திரும்பும் வரை அவள் அசையவில்லை. பிறகு கதவைத் தாழிட்டு, தரையில் உட்கார்ந்தாள்.

உள்ளறையிலிருந்து அவளுடைய அண்ணன் பொன்ராஜ் ஓடி வந்தான். "என்னம்மா, என்ன சொல்லுதாரு?"

அவள் நிமிர்ந்தாள்.

"அண்ணே, ஜெயா அங்கயும் போகலியே!"