பன்னிரண்டு ஸ்டூல்

"அந்தக் கடுதாசியக் காட்டும்மா. கையெழுத்தைப் பார்த்தா யாருன்னு ஒரு நிமிஷத்துல சொல்லிடுவேன்."

மேனேஜர் இளையபெருமாள் கதவைச் சாத்திவிட்டு எதிரில் வந்து உட்கார்ந்தார். காரைக்காலின் அந்தப் பெரிய ஜவுளிக்கடையில் சுஹைனா ஹெச்.ஆர். வேலைக்குச் சேர்ந்து எட்டு மாதம்தான் ஆகிறது. ஊழியர்களுக்குப் புகார்ப் பெட்டி வைக்கலாம் என்று ஆசை ஆசையாக யோசனை சொன்னதும் அவள்தான். வேலியில் போன ஓணானை எடுத்து மடியில் விட்டுக்கொண்டாள், வேறென்ன சொல்ல.

பெட்டியில் விழுந்த முதல் கடுதாசியே மேனேஜர் மேல் புகார்.

'காலைல ஒன்பதரைக்கு நின்னா கடை சாத்துற வரைக்கும் நிக்கணும். பொம்பளைங்களுக்குக் கால் வீங்கிப் போவுது. இருந்த ரெண்டு ஸ்டூலையும் மேனேஜர் இளையபெருமாள் குடோன்ல தூக்கிப் போட்டுட்டார். நம்ம நாகூர்க் கடையில தமிழ்நாட்டுச் சட்டம்னு எல்லாருக்கும் ஸ்டூல் போட்டிருக்கு. வாஞ்சூர் எல்லையைத் தாண்டி புதுச்சேரிக்குள்ள வந்துட்டா மட்டும் கால் வலிக்காதா?'

கீழே பேர் இல்லை.

முதலாளி அப்துல் லத்தீப் அதைப் படித்துவிட்டு இரண்டு உத்தரவு போட்டார். பன்னிரண்டு ஸ்டூல் உடனே வாங்கிப் போட வேண்டும். எழுதிய ஆளைக் கண்டுபிடித்து அன்றைக்கே வேலையை விட்டு அனுப்ப வேண்டும். "குறை இருந்தா முகத்துக்கு நேரா சொல்லணும். மொட்டைக் கடுதாசி போடுற ஆளு என் கடைக்கு வேணாம்" என்று சொல்லி, கண்டுபிடிக்கும் பொறுப்பை இளையபெருமாளிடமே கொடுத்துவிட்டார். யார் மேல் புகாரோ அவரையே விசாரிக்கச் சொன்னால் விளங்கினாற்போலத்தான்.

"கடுதாசி இல்ல சார்" என்றாள் சுஹைனா.

"இல்லைன்னா?"

"நான் டைப் அடிச்ச காப்பியத்தான் முதலாளிகிட்ட கொடுத்தேன். கையால எழுதினதை அப்பவே சுக்கல் சுக்கலாக் கிழிச்சுப் போட்டுட்டேன்."

"அவர் அதைப் பார்க்கவே இல்லையா?"

"இல்ல சார்."

"யாரைக் கேட்டுக் கிழிச்ச?"

"புகார் கொடுத்தவங்களக் காப்பாத்த முடியலைன்னா பெட்டியே வைக்கக் கூடாதுன்னு படிச்சிருக்கேன் சார்."

இளையபெருமாள் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார். "சரி, கேமரா? பெட்டிகிட்ட யார் வந்தா, யார் போனான்னு அதுல இருக்குமே?"

"பெட்டி மாடிப்படிக்கு அடியில இருக்கு. அங்க கேமரா பார்க்காது. அதுக்காகத்தான் அங்க வைக்கச் சொன்னேன்."

"நடந்து போறப்பகூட விழாதா?"

"விழாது சார். நானே நடந்து பார்த்து செக் பண்ணியிருக்கேன்."

சாமர்த்தியக்காரிதான். ஆனால் மனுஷன் விடுகிற மாதிரி தெரியவில்லை.

"சேலை செக்‌ஷன் தையல்நாயகி மேலதான் முதலாளிக்குச் சந்தேகம். வாய்த்துடுக்கு அவளுக்குத்தான் ஜாஸ்தி, வேற யாரு எழுதியிருப்பாங்கறாரு."

"ஐயோ, அவங்க இல்ல சார்."

"எப்படி அவ்வளவு உறுதியா சொல்ற? அப்ப ஆளு யாருன்னு உனக்குத் தெரியும்."

"சத்தியமாத் தெரியாது. புதன்கிழமை பெட்டியத் திறந்தப்ப காலி. வெள்ளிக்கிழமை திறந்தப்ப கடுதாசி இருந்துச்சு. அந்த ரெண்டு நாளும் அவங்க, மக பிரசவத்துக்கு அம்பகரத்தூர் போயிருந்தாங்க. லீவு லெட்டர் இருக்கு."

"அதை எடு. நீயே கொண்டுபோய் முதலாளிகிட்ட காட்டு. அவ இல்லைன்னு தெளிவா சொல்லிடு."

ஒரு பேரை அடித்துவிட்டு அடுத்த பேருக்குப் போகப் போகிறார் என்று நினைத்தாள் சுஹைனா. கவுன்ட்டரில் இன்னும் பதினொரு பெண்கள் இருக்கிறார்கள். கால் வலிக்கிறது என்று எழுதிய பாவத்துக்கு அதில் ஒருத்தி வேலை போய் வீட்டில் நிற்கப் போகிறாள்.

"கடைசியாக் கேக்கறேன்மா. உன் மனசுல யார் மேலயாவது சந்தேகம் இருந்தா சொல்லிடு."

"இருந்தாலும் சொல்ல மாட்டேன் சார். ஆள் போயே ஆகணும்னா என்னை அனுப்பிடுங்க."

இளையபெருமாள் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தார்.

"கடுதாசியும் இல்ல, கேமராவும் இல்ல. நான் எங்கேருந்து கண்டுபிடிக்கிறது? முடியலைன்னு முதலாளிகிட்ட சொல்லிடறேன். நீ வேலையப் பாரு."

கதவு மூடியதும் சுஹைனா பாட்டில் தண்ணீரை அப்படியே குடித்து முடித்தாள். "அல்லா காப்பாத்தினான்" என்று வாய்விட்டே சொன்னாள். யார் பெற்ற பிள்ளையோ, பிழைத்துக்கொண்டது.

இளையபெருமாள் நேராகக் கடையை விட்டு வெளியே வந்து, எதிர் டீக்கடை ஓரமாக நின்று மனைவிக்குப் போன் போட்டார்.

"என்னங்க ஆச்சு? காலைலேருந்து கையும் ஓடல, காலும் ஓடல எனக்கு" என்றாள் மங்கையர்க்கரசி.

"இனிமே நிம்மதியா இரு, யாராலயும் கண்டுபிடிக்க முடியாது" என்றார் அவர். "ரெண்டு தடவ நேர்ல போய் முதலாளிகிட்ட ஸ்டூல் கேட்டு, திட்டு வாங்கிக் கட்டிக்கிட்டதுதான் மிச்சம்; என் மேல நானே மொட்டைக் கடுதாசி போட்டேன், பன்னெண்டும் வந்துடுச்சு."