முள்புழு வேட்டை

"முப்பது வருஷம் கப்பல் ஓட்டின ஆளுக்கு ஒரு புழுவைப் பிடிக்கத் துப்பில்லை."

சொல்லிக்கொண்டே மார்லீன் காபியை வைத்தாள். கூடவே ஆளுக்கு ஒரு பிஸ்கட். உடனே டப்பாவை மூடிவிட்டாள்.

சீட்ஸ்கேவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவள் தம்பி வீபே, மார்லீனின் புருஷன், தீவுக்குப் போகும் கப்பலில் கேப்டனாக இருந்தவன். இதயம் சரியில்லை என்று டாக்டர் கரையேற்றிவிட்டார். இப்போது ஹாலில் இருக்கும், பவளப்பாறை வைத்த மீன்தொட்டிதான் அவனுக்குக் கடல். அதிலாவது நிம்மதி உண்டா? பாறை இடுக்கெல்லாம் கம்பளிப்பூச்சி மாதிரி முள்புழு. தொட்டால் விரல் பன் மாதிரி வீங்கிவிடும்.

"இன்னிக்குப் பதினொண்ணு பிடிச்சேன் அக்கா" என்றான் வீபே. தலையில் கேப்டன் தொப்பி, கையில் ரப்பர் உறை, இடுக்கி. முழங்கை வரை ஈரம்.

"நேத்தும் இதே கணக்குத்தான். அதுங்களுக்குப் பேர் வச்சு, பள்ளிக்கூடத்துல சேர்த்துடலாம்" என்றாள் மார்லீன்.

நோயாளி என்ற இரக்கம் கூடவா இருக்காது ஒருத்திக்கு? சீட்ஸ்கே மறுநாளே பஸ் ஏறி மீன்கடைக்குப் போனாள்.

மிச்சம் மீதித் தீனியில்தான் முள்புழு பெருகும், அந்த வீட்டில் யாரோ அள்ளி அள்ளிப் போடுகிறார்கள் என்றார் கடைக்காரர். தம்பி ஒருநாள் விட்டு ஒருநாள் ஒரு சிட்டிகைதான் போடுகிறான் என்றாள் இவள். அவர் தலையைச் சொறிந்தார். கடைசியில், இருக்கிற புழுவையெல்லாம் ஒரே வாரத்தில் தின்று தீர்க்கும் என்று ஒரு மீனைத் தண்ணீர்ப் பையில் போட்டுக் கொடுத்தார்.

அன்றைக்கே மீன்பையோடு தம்பி வீட்டுக்கு வந்து, வழக்கம்போலப் பின்கதவு வழியாக நுழைந்தாள். வீபே கொட்டகையில் புழு பிடிக்கப் புதுப் பொறி செய்துகொண்டிருந்தான்.

ஹாலில் ஸ்டூல் மேல் ஏறி நின்றிருந்தாள் மார்லீன். நீள இடுக்கியால், சிப்பிக்கறியைத் துண்டு துண்டாகப் பாறை இடுக்கில் திணித்துக்கொண்டிருந்தாள்.

"அடிப்பாவி, இது உன் வேலைதானா?"

மார்லீன் பதறி உதட்டில் விரலை வைத்தாள். "மெல்லப் பேசுங்க அண்ணி. கரையேறி நாலு மாசம் அவரு சோபாவை விட்டு எழுந்திருக்கல. நானும் கெஞ்சிப் பார்த்தேன், டாக்டரும் சொல்லிப் பார்த்தாரு. முதல் புழுவைப் பார்த்த அன்னிக்குத்தான் எழுந்து, குளிச்சு, ஷேவ் பண்ணினாரு."

அவள் பார்வை தண்ணீர்ப் பைக்குப் போனது.

"இது எல்லாத்தையும் தின்னுட்டா, அடுத்த வாரம் அவரு எதுக்கு எழுந்திருப்பாரு?"

பின்கதவு கிறீச்சிட்டது. சீட்ஸ்கே அவசரமாகப் பையைக் கோட்டுக்குள் செருகினாள்.

"கோட்டுக்குள்ள என்னக்கா துள்ளுது?" என்றான் வீபே.

"ராத்திரிக்குப் பொரிக்க மீன்டா. என்னை என்ன பார்க்கிறே, தொட்டியைப் பாரு. உன் பொண்டாட்டி சொல்றது சரிதான்டா, ஒரு புழுகூட உனக்குப் பயப்படல" என்று அதட்டினாள் சீட்ஸ்கே.