ஞாயிற்றுக்கிழமை மாத்திரை

"என்னோடது கெடக்கட்டும் பாப்பா. புதன்கிழமை செவ்வந்தின்னு ஒருத்தி வந்திருப்பாளே, செவப்பா, காதுல பெரிய தோடு போட்டுக்கிட்டு... அவளுக்கு ஸ்கேன்ல எவ்வளவு வந்திருக்கு? அதைச் சொல்லு மொதல்ல."

நர்ஸ் கமருன்னிஸா நிமிர்ந்து பார்த்தாள். "அடுத்தவங்க விவரமெல்லாம் சொல்லக் கூடாதும்மா. உக்காருங்க, டாக்டர் கூப்பிடுவாங்க."

அம்சம் முகத்தைச் சுளித்துக்கொண்டு பெஞ்சில் உட்கார்ந்தாள். குடவாசலிலிருந்து ரெண்டு பஸ் மாறித் தஞ்சாவூர் வந்ததே, ஓரகத்தியின் எலும்பைவிடத் தன் எலும்பு கெட்டியா என்று தெரிந்துகொள்ளத்தான்.

செவ்வந்தி மூத்தவர் பெண்டாட்டி. அம்சம் இளையவர் பெண்டாட்டி. நில உச்சவரம்புச் சட்டத்தில் மாமனாருக்குக் கிடைத்த ஒன்றரை ஏக்கரைப் பிரித்தபோது வாய்க்காலை ஒட்டிய வயல் மூத்தவருக்குப் போனது. தண்ணீர் ஏறாத மேட்டு வயல் இளையவருக்கு. கோர்ட்டுக்குப் போனார்கள். அரசாங்கம் கொடுத்த கலர் டி.வி.கூட, ரேஷன் கார்டு மூத்தவர் பேரில் இருந்ததால், அந்தப் பக்கமே போய்விட்டது. வீட்டுக்கு நடுவில் சுவர் எழும்பியது. கொல்லையில் மட்டும் இடுப்பளவுக்கு ஒரு குட்டிச்சுவர். இரண்டு பெண்களுக்கும் பேச்சு நின்று ஆறு வருஷம் ஆயிற்று.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அம்சம் வரப்பில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். இதே இடத்தில்தான் ஸ்கேன் எடுத்தார்கள். எலும்பு உள்ளுக்குள் தேய்ந்துவிட்டது, வாரம் ஒரு மாத்திரை போட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்தது இடுப்பு என்றார்கள். கட்டைப் பிரித்ததும் அம்சம் அதை மறந்தாள். செவ்வந்தி கொடுத்தனுப்பிய ஆட்டுக்கால் சூப்பைத் தொடவே இல்லை. சட்டியோடு திருப்பி அனுப்பினாள்.

அடுத்த மாதமே செவ்வந்திக்கும் எலும்புத் தேய்மானம் என்று தெரு முழுக்கச் சேதி. வியாதியில்கூட என்னோடு போட்டியா என்று அம்சத்துக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஞாயிறு காலையானால் போதும். செவ்வந்தி கொல்லைப்படியில் விறைப்பாக உட்கார்ந்து, பெரிய டம்ளர் நிறையத் தண்ணீரை வைத்துக்கொண்டு, செல்போனில் மகளிடம் ஊருக்கே கேட்கிறாற்போல் பேசுவாள்.

"வெறும் வயித்துலதான் போடணுமாம்டி. டம்ளர் தண்ணியும் குடிக்கணும். அப்புறம் அரைமணி நேரம் படுக்கக் கூடாது, காப்பி கூடாது. நல்ல கம்பெனி மாத்திரை. பல்லுப்போன கெழவிக்குக்கூட எலும்பு இரும்பாயிடுமாம்!"

பேசி முடித்துவிட்டு, மாத்திரை அட்டையைக் குட்டிச்சுவர் மேலேயே விட்டுவிட்டுப் போய்விடுவாள்.

'வாய்க்கா வயலும் அவளுக்கு, டி.வி.யும் அவளுக்கு, இரும்பு எலும்பும் அவளுக்கேவா?' ஒரு நாள் அம்சத்துக்குப் பொறுக்கவில்லை. நாலு மாத்திரை இருந்த அட்டையை அப்படியே எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டாள். செவ்வந்தி தேடவில்லை. அடுத்த மாதம் அதே இடத்தில் புது அட்டை இருந்தது. அதையும் எடுத்தாள். இரண்டு வருஷமாக எடுத்துக்கொண்டே இருந்தாள். ஓரகத்தி போனில் சொன்ன பத்தியத்தை ஒன்றுவிடாமல் பிடித்தாள்.

போன செவ்வாய்க்கிழமை மறுபடி போன் பேச்சு கேட்டது. "ரெண்டு வருஷம் ஆச்சுல்ல, மருந்து கேக்குதான்னு மறுபடி ஸ்கேன் பாக்கணுமாம். மெஷின் மாறுனா கணக்கு தப்பிடுமாம்டி. மொதல்ல எடுத்த எடத்துலயேதான் எடுக்கணும். நாளைக்குத் தஞ்சாவூரு போறேன்."

அதற்குப் பிறகு அம்சத்துக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. வெள்ளிக்கிழமை காலையில் பஸ் ஏறிவிட்டாள்.

"அம்சம், உள்ள வாங்க."

டாக்டர் பிரகதாம்பாள் இரண்டு காகிதங்களை அருகருகே வைத்துப் பார்த்தார். "எலும்போட கெட்டி போன தடவை மைனஸ் மூணு புள்ளி ரெண்டு. இப்ப மைனஸ் ரெண்டு புள்ளி எட்டு."

"ஐயையோ, கொறஞ்சில்ல போச்சு?"

"மைனஸ்ல கொறஞ்சா நல்லதும்மா. இந்த வயசுல மேற்கொண்டு தேயாம நின்னாலே மருந்து வேலை செய்யுதுன்னு அர்த்தம். உங்களுக்கு ஏறியே இருக்கு. ஒரு வாரம்கூட விடாம போட்டிருக்கீங்க."

அம்சம் பூரித்துப் போனாள். "அப்ப செவ்வந்திக்கு? என்னைவிட மோசந்தானே டாக்டர்?"

டாக்டர் காகிதங்களைக் கீழே வைத்துவிட்டு அவளையே பார்த்தார். அந்தப் பார்வையில் அம்சத்துக்குச் சட்டென்று ஒரு சந்தேகம் தட்டியது. ஒருவேளை ரொம்ப மோசமோ? நாளைக்குச் செவ்வந்தி கிணற்றடியில் விழுந்து இடுப்பு உடைந்து கிடந்தால்? இரண்டு வருஷமாக அவள் மருந்தைத் தின்றது யார்?

"டாக்டர்... அவ மேல தப்பில்ல. அவ மாத்திரையை நான்தான் எடுத்துத் தின்னுட்டேன். வயித்தெரிச்சல் டாக்டர். அவளுக்கு மட்டும் எல்லாம் நல்லதா அமையுதேன்னு ஒரு வயித்தெரிச்சல். இனிமேலாவது அவளுக்கு நல்ல மருந்தா எழுதிக் குடுங்க."

"செவ்வந்திக்கு எதுக்கும்மா மருந்து? அவங்க எலும்புக்கு ஒரு கேடும் இல்லை. உங்க பேருல நான் எழுதின மாத்திரையைத்தான் மாசாமாசம் வாங்கிட்டுப் போறாங்க. புதன்கிழமை வந்ததும் நீங்க ஸ்கேனுக்கு வந்தாச்சான்னு கேக்கத்தான்."

ஸ்கேன் காகிதங்களை மடித்து அம்சத்திடம் நீட்டியபடி டாக்டர் மெதுவாகச் சொன்னார்: "'நான் குடுத்தா அவ தொடமாட்டா டாக்டர், எனக்குன்னு வச்சாத்தான் எடுத்துச் சாப்பிடுவா'ன்னாங்க."