யாரும் கேட்காத வண்டி

அந்தக் குட்டியானை லோடு வண்டியின் பக்கம் மட்டும் நெடுஞ்செழியன் திரும்பவே இல்லை. ஆசைப்பட்ட பொருளை முறைத்துப் பார்த்தால் ஏலத்தில் விலை ஏறிவிடும். திண்டிவனத்தில் பழைய வண்டிகளை வாங்கிப் பிரித்து விற்பவனுக்கு இது தெரியாதா?

விழுப்புரம் மைதானத்தில், கேட்பாரற்றுக் கிடந்த வண்டிகளைப் போலீசார் ஏலம் விட்டுக்கொண்டிருந்தார்கள். நல்ல நல்ல பைக்குகள் கொள்ளை மலிவாகப் போயின. அவன் எதற்கும் வாய் திறக்கவில்லை.

கடைசியாக அந்தச் சின்ன லோடு வண்டி வந்தது. கல்குவாரித் தண்ணீரிலிருந்து தூக்கியது. முன்பக்கம் நசுங்கி, எஞ்சின் முழுக்கச் சேறு. நம்பர் பிளேட் இல்லை. சேஸிஸ் நம்பரையும் யாரோ ராவியிருந்தார்கள்.

"இருபதாயிரம்," என்றார் காயலான் கடை இருதயராஜ்.

"இருபத்தஞ்சு," என்றான் நெடுஞ்செழியன்.

இருதயராஜ் உதட்டைப் பிதுக்கினார். "நீயே எடுத்துக்கப்பா. அதுக்கு மேல அதுல இரும்பு கெடையாது."

அப்பாடா என்று மூச்சு விட்டான். அதற்குள் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "முப்பது."

துணிப்பையும் ரப்பர் செருப்புமாக ஒரு மெலிந்த பெண். இந்த வியாபாரத்தில் அவளை அவன் பார்த்ததே இல்லை.

"நாப்பது."

"அம்பது," என்றாள் அவள், இவனையே பார்த்தபடி.

கூட்டம் சிரித்தது. நெடுஞ்செழியனுக்கு முதுகில் வியர்வை இறங்கியது. வண்டி இன்னொருத்தர் கைக்குப் போகவே கூடாது. இன்றைக்கே பிரித்துவிட வேண்டும். ஒரு தகடுகூட முழுசாக மிஞ்சக்கூடாது.

அவளிடம் போய்க் குரலைத் தாழ்த்தினான். "எதுக்கும்மா ஒனக்கு இந்தப் பேஜாரு? ரெண்டாவது கியர் மாட்டிக்கும். ரெண்டு குத்து குத்தினாத்தான் வெளிய வரும்."

"அப்படியாண்ணே?" அவள் முகத்தில் ஒரு சலனமும் இல்லை. "அப்ப நீங்க ஏன் கேக்கறீங்க?"

அவன் கையைத் தூக்கினான். "எம்பதாயிரம்!"

"இன்னாடா, பைத்தியமா ஒனக்கு?" என்றார் இருதயராஜ். அந்தப் பெண் மேலே கேட்கவில்லை. இன்ஸ்பெக்டர் மூன்று தரம் சொல்லி முடித்தார்.

நெடுஞ்செழியன் பணத்தை நீட்டினான். இன்ஸ்பெக்டர் கை நீட்டவில்லை. தூரத்தில் இரண்டு போலீஸ்காரர்கள் மைதானத்துக் கேட்டை இழுத்துச் சாத்திக்கொண்டிருந்தார்கள்.

"சார்... ரசீது..."

அந்தப் பெண்தான் அருகே வந்தாள். "என் பேரு கலைமதி. ஊரு கிளியனூரு. போன வருஷம் எங்க வூட்டுக்காரரு ரோட்டோரமா மல்லாட்டை மூட்டைய தூக்கிக்கினு வந்தாரு. அடிச்ச வண்டி நிக்காமப் போயிட்டுது, அவரு உசுரு அங்கயே போச்சு. அங்க செதறிக் கெடந்த கண்ணாடி இந்த வண்டியோடதுதான்னு போலீசுல சொல்லிட்டாங்க. ஓட்டினவன்தான் கெடைக்கல."

நெடுஞ்செழியன் கேட்டைத் திரும்பிப் பார்த்தான். "அ... அதுக்கு நான் இன்னாம்மா பண்ணுவேன்? நீயுந்தான ஏலம் கேட்ட?"

"நான் வண்டி எடுக்க வரல. அத எவன் வுடமாட்டான்னு பாக்க வந்தேன்."